ஆண் வெளியே வரவில்லை

ஏப்ரல் 30
தொட்டியில் பெரிய ஆண் ஸீப்ரா பிளெக்கோ மீன் நேற்று இரவிலிருந்து இடது பக்கக் குகையிலேயே இருக்கிறது. உள்ளே ஒரு பெண்ணும் இருக்கிறது. இரண்டு வால்களின் கறுப்பு வரிகள் தெரிகின்றன. டார்ச் அடிக்கவில்லை.

மே 1
அப்படியேதான். ரத்தப்புழு போட்டும் அசையவில்லை. ஆண் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறது. இந்த இனத்தில் அப்படித்தான், முட்டையிடும் வரை பெண்ணை வெளியே விடாது.

வீட்டுக்காரர் ஃபோன். மகனுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறாராம், இருபதாம் தேதிக்குள் காலி செய்து கொடுத்தால் நல்லதாம். "பாத்துட்டுச் சொல்றேன் சார்" என்று மட்டும் சொன்னேன்.

மே 2
முட்டை!

விடியற்காலையில் பெண் வெளியே வந்துவிட்டது. துடுப்பு ஓரமெல்லாம் கிழிந்திருக்கிறது, ஆனால் சாப்பிடுகிறது. டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிக்கொண்டு தரையில் படுத்துப் பார்த்தேன். ஆணின் வயிற்றுக்கடியில் இளமஞ்சள் முட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றும் ஊறிய ஜவ்வரிசி அளவு. பத்து, பன்னிரண்டு இருக்கலாம். ஸீப்ரா பிளெக்கோ அவ்வளவுதான் இடும். நூற்றுக்கணக்கில் இட்டுத் தள்ளும் மீன் இல்லை இது.

குகை விளாச்சேரியில் சொல்லிச் செய்தது. கொலு பொம்மை செய்கிற அண்ணன்தான் செய்து கொடுத்தார். ஒரு பக்கம் மூடிய மண்குழாய், ஆண் நுழைந்தால் இரண்டு பக்கமும் உரச வேண்டும் என்று அளவு சொன்னேன். வர்ணம் பூசாமல் சுட்டுத் தந்தார். அவரிடம் போய்ச் சொல்ல வேண்டும்.

மே 4
அக்கினி நட்சத்திரம் ஆரம்பம். மதியம் மூன்று மணிக்குத் தொட்டியில் 31.6 டிகிரி.

இந்த மீனின் சொந்த ஊரான பிரேசிலின் ஷிங்கு ஆறே வெதுவெதுப்பானதுதான், 30 வரைக்கும் பயமில்லை. சூடு ஏற ஏறத் தண்ணீரில் ஆக்சிஜன் நிற்காது, அதுதான் கவலை. 30 டிகிரியில் லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம்தான் கரையும். அந்த ஆற்றில் பாறை இடுக்குகளில் தண்ணீர் பாய்ந்துகொண்டே இருக்கும், இங்கே அதை மோட்டார்தான் செய்ய வேண்டும். குகை வாசலுக்கு நேராக இன்னொரு ஏர் ஸ்டோன் வைத்தேன். மூடியை எடுத்துவிட்டு டேபிள் ஃபேனைத் தண்ணீர்மேல் திருப்பிவிட்டேன். அத்தை வெறும் விசிறியோடு உட்கார்ந்திருந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

மே 5
ஒரு முட்டை வெளியே கிடந்தது. வெள்ளையாக.

மே 6
விளாங்குடியில் ஒரு வீடு. மாடி, வாடகை பரவாயில்லை. குழாயைத் திறந்து, தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரை வைத்தேன், 1,480. குடிக்க எப்படியோ கேன் வாங்கிக்கொள்ளலாம், ஆர்.ஓ. மெஷினே அந்தத் தண்ணீரில் ஆறு மாதம் தாங்காது. அப்புறம் மாடித் தளம் வேறு. வேண்டாம் என்று வந்துவிட்டேன். கணவர் ஃபோனில் கோபப்பட்டார். "மீனுக்கா வீடு பாக்குற?" என்றார். ஆமாம், மீனுக்கும்தான்.

ஆண் வாலால் விசிறிக்கொண்டே இருக்கிறது. நிற்கவே இல்லை.

மே 8
திருக்கல்யாணம். டி.வி. முன்னால் உட்கார்ந்து புதுத் தாலிக்கயிறு மாற்றிக்கொண்டேன். அத்தை பாயசம் வைத்தார். முட்டைக்குள் கறுப்பாகக் கண் தெரிகிறது.

மே 9
பொரித்துவிட்டன. வயிறு முழுக்க மஞ்சள் கரு, பின்னால் நூல் மாதிரி வால், அது மட்டும் துடிக்கிறது.

இரவு எட்டே காலுக்குக் கரண்ட் போனது. பேட்டரி பம்ப் இரண்டையும் மாட்டினேன். கரண்ட் வரும்வரை எழுந்திருக்கவில்லை. மஞ்சள் கரு தீர்ந்து குஞ்சுகள் தாமாக வெளியே வரக் குறைந்தது பத்து நாளாவது ஆகும். வீட்டுக்காரர் சொன்ன இருபதாம் தேதி அதோடு போய் முட்டுகிறது. நடுவில் தொட்டியை அசைத்தால் ஆண் மிரண்டு குஞ்சுகளை வெளியே தள்ளிவிடும்.

மே 12
அத்தையையும் அவரையும் கூட்டிக்கொண்டு ராத்திரியே போய் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்த்தோம். நல்ல கூட்டம். ஆற்றில் தண்ணீர் ஓடியது, அணையில் திறந்துவிட்டது. தண்ணீர் பீய்ச்சுகிறவர்களிடம் சிக்கி மூன்று பேரும் நனைந்துதான் வந்தோம்.

வந்த பிறகு தூக்கமில்லை. வைகைத் தண்ணீர் என்கிறோம், அதில் எவ்வளவோ பெரியாற்றுத் தண்ணீர். 1895-இல் மேலே அணை கட்டி, மலையைக் குடைந்து, மேற்கே போன ஆற்றை இந்தப் பக்கம் திருப்பினார்கள். மேலூர்ப் பக்கம் அப்பாவின் வயல் விளைந்தது அந்தத் தண்ணீரில்தான். என்னைப் படிக்க வைத்ததும் அதுதான். அதை ஒரு வார்த்தை குறை சொல்ல எனக்கு வாய் வராது.

ஷிங்குவிலும் அதையேதான் செய்தார்கள். பெலோ மோன்ட்டே அணை 2016-இல் மின்சாரம் எடுக்கத் தொடங்கியது. வோல்ட்டா கிராண்டே என்று ஆறு பெரிதாக வளைந்து போகும் இடம், அதன் தண்ணீரில் பெரும்பகுதியைக் கால்வாய் வழியாக டர்பைனுக்குத் திருப்பிவிட்டார்கள். இந்த மீன் உலகத்திலேயே அந்த ஓர் ஆற்றில், அந்த வளைவை ஒட்டித்தான் இருக்கிறது. 1991-இல்தான் அதற்கு அறிவியல் பெயரே வைத்தார்கள். யாருக்கோ விளக்கு எரிகிறது, யார் வீட்டுப் பிள்ளையோ அந்த வெளிச்சத்தில் படிக்கிறது. அதுவும் எனக்குத் தெரியும்.

தண்ணீர் வந்து சேர்ந்த ஊரில் பிறந்தவள் நான். தண்ணீர் பறிபோன ஆற்றின் மீன் என் ஹாலில் குஞ்சு பொரித்திருக்கிறது. இதை யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை.

மே 14
மாத்திரை வாங்கப் போன இடத்தில் ஒருவர், "உங்க வீட்டுலயும் சக்கர் மீன்தானே வளக்குறீங்க, அதைக் கொளத்துல விட்டா நாசம்ல" என்றார். அவர் சொல்வது சரி. சக்கரும் இதே குடும்பம்தான், நம் கண்மாய்களுக்கு அது கேடுதான். வாங்குகிறவர்கள் பெரிதானதும் கொண்டுபோய்க் கொட்டிவிடுகிறார்கள். என் தொட்டியிலிருந்து ஒன்றுகூட ஆற்றுக்கோ குளத்துக்கோ போகாது என்று நின்று விளக்கிவிட்டுத்தான் வந்தேன்.

மே 15
சென்னையிலிருந்து ஒருவர் கேட்கிறார். அவரிடம் இருக்கும் எல் 333 என்கிற வேறு வகைப் பிளெக்கோ ஆணோடு என் பெண்ணை ஒரு தடவை சேர்க்க வேண்டுமாம், புது வரிகளோடு குஞ்சு வருமாம், நல்ல விலை போகுமாம். முடியாது என்று சொல்லிவிட்டேன். கலந்தால் அதோடு இந்த வம்சம் முடிந்தது. கலப்புக் குஞ்சு ஒன்று தெரியாமல் நாலு கை மாறினால் யாராலும் பிரித்தெடுக்க முடியாது.

இந்தக் குஞ்சுகளை யாரும் ஷிங்குவில் கொண்டுபோய் விடப்போவதில்லை, தெரியும். பிரேசில் 2004-லேயே ஏற்றுமதியைத் தடுத்தது. 2022-இல், அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் சேர்த்து, ஆற்றில் பிடித்ததை வெளிநாட்டுக்கு விற்க ஒதுக்கீடு பூஜ்யம் என்று வைத்தார்கள். அப்படியும் கடத்துகிறார்கள். தொட்டியில் பிறந்த மீன் கிடைத்தால் ஆற்று மீனை ஒருவர் கேட்கமாட்டார். ஷிங்கு கரையில் அல்டமிரா ஊரில் பல்கலைக்கழகத்துக்காரர்களும் வளர்க்கிறார்கள், அவர்கள் வேலை பெரிய வேலை. என் வேலை வம்சத்தைச் சுத்தமாக வைத்திருப்பது. எது எதற்குப் பிறந்தது என்று நோட்டில் எழுதி வைப்பது.

மே 17
32.8. ஐஸ் பாட்டில் போட்டேன். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறக்க வேண்டும்.

மே 18
வீட்டுக்காரர் நேரிலேயே வந்துவிட்டார். அத்தைதான் பேசினார். "பிள்ளத்தாச்சி வீட்டுல இருந்தா அனுப்புவீகளா, அந்தக் கணக்குத்தான் சாமி." அவர் தொட்டியைக் குனிந்து பார்த்தார், ஒன்றும் தெரிந்திருக்காது. மாதக் கடைசி என்று ஒப்புக்கொண்டு போனார். அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மே 20
வரி விழுந்துவிட்டது. உடம்பில் கறுப்பும் வெள்ளையுமாக, பெரிய மீனில் இருக்கும் அதே வரி. மஞ்சள் கரு கடுகளவு மிச்சம்.

"ஏத்தா, அது வெளிய வந்துச்சா?"
"இல்ல அத்தை."

மே 22
வந்துவிட்டன. காலையில் குகை வாசலில் இரண்டு, கண்ணாடி மூலையில் ஒன்று, ஸ்பாஞ்ச் ஃபில்டருக்கு அடியில் வரிசையாக மற்றவை. ஒன்பது. ஆர்ட்டீமியா என்கிற பொடி இறால் குஞ்சுகளைப் போட்டேன், வயிறு ஆரஞ்சாக ஆகிறது. ஆணும் வெளியே வந்து சாப்பிட்டது. எவ்வளவு இளைத்திருக்கிறது!

மே 23
ஒன்பதும் இருக்கின்றன.

மே 24
எட்டுதான் தெரிகிறது.

மே 24, இரவு
ஒன்பது. ஹீட்டருக்குப் பின்னால்.

மே 26
திருநகரில் வீடு அமைந்தது. தரைத்தளம், டி.டி.எஸ். 620. அட்வான்ஸ் கொடுத்தாயிற்று.

மே 30
மினி லாரி நாளைக் காலை ஐந்தரைக்கு. பெரியவை தனியாக, குஞ்சுகள் தனியாக, தெர்மோகோல் பெட்டியில் பழைய தண்ணீரோடு. பெரியவைக்கு இன்றைக்குச் சாப்பாடு கிடையாது. ஃபில்டர் ஸ்பாஞ்சைப் பிழியாமல் வாளித் தண்ணீரிலேயே எடுத்துப் போக வேண்டும். அதிலுள்ள பாக்டீரியா செத்தால் புது வீட்டில் அம்மோனியா ஏறிவிடும். கடைசியாகத் தொட்டி. தூக்க நாலு பேர், அவர் ஏற்பாடு செய்கிறேன் என்றிருக்கிறார்.

சாயங்காலம் பார்த்தால் சின்னப் பெண் வலது பக்கக் குகை வாசலில் நிற்கிறது. வயிறு பருத்திருக்கிறது. இரண்டாவது ஆண் உள்ளே. நாளைக்குப் போய் இப்படியா. கோவைத் தம்பிக்கு ஃபோன் போட்டேன், எடுக்கவில்லை.