புருஷன் சம்பளத்தை மறைத்தேன், என் கணக்கு மைனஸில் போய் நின்றது

நாலு கிரெடிட் கார்டு, ஒரு தனிநபர் கடன், மொத்தம் 37,500 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). பாதி அம்மாவின் கண் அறுவை சிகிச்சைக்குப் போனது, மீதி எங்கே போனதென்று என் வீட்டு அலமாரியைத் திறந்தால் தெரியும். கார்டுக்கு மாதம் 5 விழுக்காடு குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டு, வருடத்துக்கு 18 விழுக்காடு வட்டியில் ஓடிக்கொண்டிருந்தேன். அசல் லேசில் குறையவில்லை.

கடனில் சிக்கியவர்களுக்கு ஆலோசனை தரும் ஏகேபிகே என்ற அமைப்பைப் பற்றி கிளினிக்கில் கூட வேலை செய்யும் அக்காதான் சொன்னார். 2006இல் மலேசியாவின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா ஆரம்பித்தது, ஆலோசனைக்குக் காசு இல்லை, வங்கிகளிடம் பேசி வட்டியைக் குறைத்து ஒரே மாதத் தவணையாக மாற்றித் தருவார்கள் என்றார். திவால் ஆகிவிடுவேனோ என்று பயந்துகொண்டிருந்தேன். அதற்குக் கடன் குறைந்தது 100,000 வெள்ளியாவது இருக்க வேண்டும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். செந்தூலிலிருந்து எல்ஆர்டி ரயில் ஏறி பண்டாராயாவில் இறங்கி ஜாலான் ராஜா லாவுட்டில் உள்ள ஏகேபிகே அலுவலகத்துக்குப் போனேன், வீட்டுக்காரருக்குத் தெரியாமல். என் பயமெல்லாம் ஒன்றுதான்: அவர் சம்பளத்தைக் காட்டினால், உங்களிடம்தான் வசதி இருக்கிறதே என்று அனுப்பிவிடுவார்கள், இல்லை அவர் சம்பளத்திலும் கை வைப்பார்கள். அதனால் படிவத்தில் கணவர் வருமானம் கேட்ட இடத்தில் ஒன்றும் எழுதவில்லை. செலவுப் பக்கத்தில் மட்டும் வீட்டுச் செலவு முழுவதையும் என் தலையில் போட்டு எழுதினேன்: வாடகை 1,100, மளிகை 900, பிள்ளையின் பாலர் பள்ளி 450, போக்குவரத்து 250, அம்மாவுக்கு 200. கூட்டினால் 2,900. என் கைக்கு வருவதோ 2,750.

ஆலோசகர் ஒரு மலாய்ப் பெண்மணி. கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு என் பக்கம் திருப்பிக் காட்டினார். மைனஸ் 150. கஷ்டப்படுகிறேன் என்று காட்டினால் உடனே உதவி கிடைக்கும் என்று நான் நினைத்தது அப்படியே தலைகீழ்! செலவு போகக் கையில் ஏதாவது மிஞ்சினால்தான் திட்டமே போட முடியும், மிச்சம் இல்லாதவருக்கு வங்கியிடம் எதை வைத்துப் பேசுவது என்றார். அப்புறம் மெதுவாகக் கேட்டார், உண்மையில் வாடகை யார் கட்டுவது?

வீட்டுக்காரர்தான் கட்டுகிறார். மளிகையிலும் பாதி அவருடையது.

மறுபடி எழுதியபோது என் செலவு 1,350, மிச்சம் 1,400. கணவர் சம்பளத்தைக் கேட்டதே வீட்டில் யார் எதைத் தாங்குகிறார்கள் என்று பார்க்கத்தானாம். கடன் என் பெயரில் மட்டும் இருப்பதால் வங்கி அவரைக் கேட்க முடியாது. இருவர் பெயரிலும் வாங்கியிருந்தாலோ அவர் ஜாமீன் நின்றிருந்தாலோ கதை வேறு என்று விளக்கினார். ஆனால் வாடகையை அவர் தொடர்ந்து கட்டினால்தான் இந்தக் கணக்கு நிற்கும், அதனால் வீட்டில் பேசிவிட்டு வாங்க என்றார்.

அந்த ராத்திரிதான் இந்த மொத்த அலைச்சலிலும் கஷ்டமான பகுதி. முதலில் எழுதிய பழைய தாளையும் சேர்த்தே கணவரிடம் கொடுத்தேன், அது என் முட்டாள்தனம். கடன் தொகையைப் பார்த்து அவர் ஒன்றும் சொல்லவில்லை. "மாசாமாசம் நான் கட்டுற வாடகையை நீ கட்டுறதா எழுதியிருக்கியே" என்றுதான் கேட்டார். ரெண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் தன் சம்பளச் சீட்டை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

இரண்டாவது தடவை இருவருமாகப் போனோம். என் சம்பளச் சீட்டு, இபிஎஃப் (சேமநிதி) அறிக்கை, கார்டு பில்கள், அவருடைய சீட்டு எல்லாம் ஒரே கோப்பில். மிச்சம் 1,400 இருந்தாலும் முழுசையும் உறிஞ்சவில்லை, அவசரத்துக்கு என்று கொஞ்சம் விட்டு மாதம் 850, 54 மாதம் என்று முடிந்தது. கார்டுகள் எல்லாம் ரத்து. திட்டம் முடியும்வரை புதுக் கடன் கிடையாது, வங்கிகள் பார்க்கும் கடன் பதிவான சிசிஆர்ஐஎஸ்ஸிலும் இது தெரியும்.

வீடு வாங்க வேண்டும் என்று அவருக்கு ரொம்ப நாள் ஆசை, ரெண்டு பேர் சம்பளத்தையும் சேர்த்துக் காட்டலாம் என்று இருந்தோம். இப்போதைக்கு அவர் பெயரில் மட்டும்தான் விண்ணப்பம் போட முடியும். அவர் சம்பளத்துக்குக் கிடைக்கிற அளவு சின்ன வீடாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.