குறுக்கு விசாரணையில் துப்பறிவாளரின் பழைய காயம்

துப்பறியும் கதைப் பிரதிகளைத் திருத்தித் தரும் வேலையில் ஒரு காட்சி அடிக்கடி கைக்கு வரும். தற்காப்பு வழக்கறிஞர் எழுந்து, விசாரணை அதிகாரி சிறு வயதில் பட்ட துயரத்தை எல்லார் முன்னிலையிலும் போட்டு உடைப்பார். அதிகாரி கூண்டிலேயே நிலைகுலைவார். அத்தோடு வழக்கு கவிழ்ந்துவிடும். படிக்க விறுவிறுப்பாக இருந்தாலும் சிங்கப்பூரில் நடக்கும் கதைக்கு இது ஒட்டாது. இங்கே ஜூரி முறை 1969லேயே ஒழிக்கப்பட்டது. கண்ணீரைப் பார்த்து மனம் இளக ஜூரி வரிசை என்று ஒன்று கிடையாது. நீதிபதி ஒருவரே முடிவெடுக்கிறார். "இந்தக் கேள்வி எந்தச் சாட்சியத்தைத் தொடுகிறது?" என்பதைத்தான் அவர் முதலில் கேட்பார். கதாசிரியரிடம் அதற்குப் பதில் இருந்தாக வேண்டும்.

எழுத உட்காருமுன் சாட்சியச் சட்டத்தின் 155ஆம் பிரிவை நிதானமாகப் படித்துவிடுவது நல்லது. சாட்சியின் நம்பகத்தன்மையைக் குலைப்பதற்காக மட்டும் ஒரு கேள்வி கேட்டு, அவர் "இல்லை" என்று சொல்லிவிட்டால், பொதுவாக அந்தப் பதிலோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அதை மறுக்க வேறு சாட்சியைக் கூட்டிவர முடியாது. "உங்களுக்கு இரவில் கெட்ட கனவு வருமா?", "மனநல மருத்துவரிடம் போனீர்களா?" போன்ற கேள்விகளெல்லாம் இந்தச் சுவரில்தான் முட்டி நிற்கும். ஆனால் அதே பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது. சாட்சியின் நடுநிலையைச் சந்தேகிக்கும் கேள்விக்கு அவர் மறுப்புச் சொன்னால், அந்த மறுப்பைப் பொய்யாக்கச் சாட்சியம் கொண்டுவரலாம். ஆகவே அதிகாரியின் காயத்தை நோயாகக் காட்டும் காட்சி நகராமல் நின்றுவிடும். அதையே ஒருசார்புக்குக் காரணமாகக் காட்டினால் கதவு திறக்கும். அந்த ஒருசார்பும் கோப்பில் இருக்கும் ஏதாவது ஒரு தேதியிலோ கையெழுத்திலோ போய் உட்கார வேண்டும்.

ஒரு மாதிரிக் கதை. 1986 மார்ச் 15 அன்று சிராங்கூன் சாலையில் நியூ வோர்ல்டு ஹோட்டல் இருந்த ஆறு மாடிக் கட்டடம் இடிந்து விழுந்தது. 33 பேர் இறந்தார்கள், 17 பேர் உயிரோடு மீட்கப்பட்டார்கள். கட்டடத்தின் சொந்த எடையையே கணக்கில் சேர்க்காமல் வடிவமைத்திருந்தது பின்னர் விசாரணையில் வெளிவந்தது. நம் கற்பனை இன்ஸ்பெக்டர் முரளி அதில் அப்பாவைப் பறிகொடுத்தபோது அவருக்கு ஒன்பது வயது. 2022இல் அவர் விசாரிக்கும் வழக்கு, பொங்கோல் கட்டுமானத் தளத்தில் சாரம் சரிந்து ஒரு தொழிலாளர் இறந்தது. சாதாரண வேலையிட விபத்து என்றால் அதை மனிதவள அமைச்சு பார்த்துக்கொள்ளும். போலீஸ் கொலை வழக்காக எடுக்க வேண்டுமானால், சாரத்தைச் சுவரோடு பிணைக்கும் இணைப்புகளை யாரோ வேண்டுமென்றே கழற்றியதற்கு அறிகுறி இருக்க வேண்டும். பல பிரதிகள் இந்த இடத்திலேயே வழுக்குகின்றன.

குறுக்கு விசாரணையில் ஒரு கேள்விக்கு ஓர் உண்மை போதும். "ஏன்?" என்று வழக்கறிஞர் கேட்கவே கூடாது, கேட்டால் சாட்சி விளக்கம் சொல்லித் தப்பித்துவிடுவார்.

"சாரம் சரிந்தது மார்ச் 3ஆம் தேதி?"

"ஆமாம்."

"அன்றிரவே சூப்பர்வைசரைக் கைது செய்தீர்கள்?"

"ஆமாம்."

"சாரம் கட்டிய துணை ஒப்பந்தக்காரரிடம் வாக்குமூலம் வாங்கியது 12ஆம் தேதி?"

"ஆமாம்."

"அவருடைய கிடங்கைச் சோதிக்கலாம் என்று உங்கள் சார்ஜண்ட் 4ஆம் தேதியே குறித்து வைத்திருக்கிறார். படித்தீர்களா?"

"படித்தேன்."

"சோதித்தீர்களா?"

"இல்லை."

"2016இல் ஒரு நாளிதழ்ப் பேட்டியில், கட்டடத்துக்குப் பொறுப்பானவன் எவனாக இருந்தாலும் என் கண்ணுக்கு அவன் கொலைகாரன்தான் என்று சொன்னீர்களா?"

"அப்படிச் சொல்லவில்லை."

அப்பா என்ற பேச்சே இதுவரை வரவில்லை. வாசகருக்கு எல்லாம் தெரியும் என்பதால் வழக்கறிஞர் அதைச் சொல்லத் தேவையும் இல்லை. கூச்சத்தாலோ மறதியாலோ முரளி சொன்ன அந்த ஒரு மறுப்பு, 155ஆம் பிரிவின் விலக்கைத் திறந்துவிடுகிறது. பத்திரிகை நறுக்கை நீட்டினால் மட்டும் எதுவும் நிரூபணமாகாது. பேட்டி எடுத்த நிருபரைச் சாட்சியாக அழைக்க வேண்டும். இந்தக் கதையின் அடுத்த அத்தியாயம் அந்த நிருபர்தான்.

வழக்கறிஞருக்குத் தகவல் கிடைத்த வழியும் நேர்மையானதாக இருக்க வேண்டும். மனநலக் கழகக் கோப்பைத் திருடிவந்து கொடுக்கும் தாதியைக் கதையில் சேர்த்தால் நம்பகம் போய்விடும். பழைய நாளிதழ்கள் தேசிய நூலக வாரியத்தின் இணையத் தொகுப்பில் இருக்கின்றன, தமிழ் முரசு உட்பட. சார்ஜண்டின் குறிப்புக்கு வேறு வழி உண்டு. தன் தரப்பைப் பலவீனப்படுத்தும், வழக்கில் பயன்படுத்தாத ஆவணங்களையும் அரசுத் தரப்பு தற்காப்பிடம் தந்தாக வேண்டும் என்று 2011இல் காதர் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அந்தக் கட்டில் ஒரு தாளாக அது வந்து சேரட்டும்.

சூப்பர்வைசரின் வாக்குமூலம் மிரட்டி வாங்கப்பட்டது என்று தற்காப்பு சொன்னால், அதற்கென்று வழக்குக்குள்ளேயே ஒரு துணை விசாரணை நடக்கும். வாக்குமூலம் தானாக முன்வந்து கொடுத்ததுதான் என்பதைச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கும் பொறுப்பு அரசுத் தரப்புடையது. கதாசிரியருக்கு இது பெரிய வாய்ப்பு. முரளி இரண்டு தடவை கூண்டேறுவார். முதல் தடவை அறை, நேரம், மொழிபெயர்ப்பாளர் என்று மட்டும் கேட்கவிட்டு, அவர் எந்தக் கேள்விக்குத் தண்ணீர்க் குவளையை எடுக்கிறார் என்பதை வழக்கறிஞர் கவனிக்கட்டும். பேட்டியை அவர் அடுத்த தடவைக்கு வைத்துக்கொள்வார்.

மனநல நிபுணரை ஏற்றி "இவருக்கு அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு" என்று சொல்லவைக்கும் பிரதிகளைக் கண்டிப்பாகத் திருப்பி அனுப்புவது வழக்கம். முரளியைப் பரிசோதிக்காத மருத்துவர் சொல்லும் நோய்ப்பெயருக்கு அங்கே எடை கிடையாது. அதைவிட முக்கியம், அந்தக் கோளாறு உள்ளவர் பொய் சொல்வார், வேலைக்கு லாயக்கில்லை என்ற எண்ணத்தைக் கதை விதைத்துவிடுகிறது. நம் குடும்பங்களில் இதைப் பற்றி வாய்திறக்கவே தயங்குகிறவர்கள் அதைப் படித்தபின் இன்னும் இறுக்கமாக மூடிக்கொள்வார்கள். வழக்கறிஞர் அந்த எண்ணத்தைத் தூவட்டும், அது அவர் தொழில். கதை அதற்கு ஒத்து ஊத வேண்டாம்.

குறுக்கு விசாரணை முடிந்ததும் தன் சாட்சியிடம் மீண்டும் கேள்வி கேட்கும் மறுவிசாரணை அரசுத் துணை வழக்கறிஞருக்கு இருக்கிறது என்பதைப் பாதிப் பேர் மறந்துவிடுகிறார்கள். குறுக்கு விசாரணையில் எழுந்தவற்றைப் பற்றித்தான் அவர் கேட்கலாம், அதுவே போதும். கிடங்கைப் பின்னால் பார்க்கலாம் என்று முடிவெடுத்தது யார்? முரளியின் மேலதிகாரி. அந்த உத்தரவு எழுத்தில் இருக்கிறதா? 5ஆம் தேதி மின்னஞ்சலில் இருக்கிறது. அப்படியென்றால் 4ஆம் தேதி முழுக்க முரளி என்ன செய்துகொண்டிருந்தார் என்று நீதிபதியே பேனாவை வைத்துவிட்டுக் கேட்கலாம். அந்தக் கேள்விக்கு முரளி சொல்லும் பதிலை எழுதத்தான் மொத்த நாவலும் தேவைப்படுகிறது.