ஜார்ஜியாவில் என் முதல் இடைக்காலத் தேர்தல்

2022 அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதுரையில் இருக்கும் அப்பாவிடம் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தபோது, அமெரிக்கக் குடிமகனாக முதன்முறை வாக்களிக்கப் போகிறேன் என்றும், நடக்கவிருப்பது இடைக்காலத் தேர்தல் என்றும் சொன்னேன். "இடைத்தேர்தலா? எந்தத் தொகுதி, யார் தவறிப்போனார்?" என்று கேட்டார். யாரும் தவறிப்போகவில்லை, அதிபரின் நான்கு ஆண்டுப் பதவிக்காலத்தின் நடுவில் பிரதிநிதிகள் சபையின் 435 இடங்களுக்கும், செனட் சபையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இடங்களுக்கும், பல மாநிலங்களின் ஆளுநர் பதவிகளுக்கும் நடக்கும் தேர்தல் இது என்று விளக்கினேன். "அதிபர் மாறமாட்டார் என்றால் இதில் போட்டி எங்கே இருக்கிறது?" என்பது அவருடைய அடுத்த கேள்வி. அதற்கு என்னிடம் சரியான பதில் இல்லை. அட்லாண்டாவின் வடகிழக்கில் உள்ள குவின்னெட் கவுண்டியில் பல ஆண்டுகளாகக் குடியிருந்தும், வாக்குரிமை இல்லாதவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று நான் கூர்ந்து கவனித்ததே இல்லை. அந்தப் பதிலை அடுத்த இரண்டு மாதங்களில் எப்படித் தெரிந்துகொண்டேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஜூன் மாதம் குடியுரிமை உறுதிமொழி எடுத்துக்கொண்ட கையோடு வாக்காளர் பதிவுக்கு விண்ணப்பித்தேன். அதில் ஒரு பிழை செய்தேன். என் ஓட்டுநர் உரிமம் பச்சை அட்டைக் காலத்தில் எடுத்தது. அந்தப் பதிவேட்டில் நான் இன்னும் வெளிநாட்டவனாகவே இருந்தேன். அதை முதலில் மாற்றிவிட்டு வாக்காளர் பதிவுக்குப் போயிருக்க வேண்டும். நான் முறையை மாற்றிச் செய்ததால் விண்ணப்பம் நிலுவையில் நின்றது. குடியுரிமைச் சான்றிதழை நேரில் காட்டிய பிறகு பெயர் ஏறியது. கடைசி நாள் அக்டோபர் 11. ஆகஸ்டிலேயே தற்செயலாக மாநிலத்தின் வாக்காளர் இணையப் பக்கத்தைத் திறந்து பார்த்ததால் தப்பித்தேன். புதிதாகக் குடியுரிமை பெறுகிறவர்கள் உரிமத்தை முதலில் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

அந்த இணையப் பக்கத்தில் அவரவர் முகவரிக்குரிய மாதிரி வாக்குச்சீட்டும் கிடைக்கும். அதைத் திறந்ததும் மலைத்துப்போனேன். செனட், ஆளுநர், துணை ஆளுநர், மாநிலச் செயலர், தலைமை வழக்கறிஞர், வேளாண் ஆணையர், காப்பீட்டு ஆணையர், பள்ளிக் கண்காணிப்பாளர், தொழிலாளர் ஆணையர் என்று பட்டியல் நீண்டது. அதன் பிறகு பிரதிநிதிகள் சபை, மாநிலச் சட்டமன்றத்தின் இரு அவைகள், உள்ளூர்ப் பதவிகள், இரண்டு அரசியலமைப்புத் திருத்தங்கள், இரண்டு பொது வாக்கெடுப்புகள். (இங்கே ஆளுநர் என்றால் நம் ஊர் ராஜ்பவன் ஆளுநர் அல்லர், முதலமைச்சரின் இடத்தில் இருந்து ஆள்பவர்.) தமிழ்நாட்டில் சட்டமன்ற உறுப்பினருக்கு ஒரு வாக்குப் போட்டால் முதலமைச்சரும் வேளாண் அமைச்சரும் அந்த ஒரே வாக்கில் வந்துவிடுவார்கள். இங்கே ஒவ்வொருவரும் தனித்தனியாக மக்களிடம் வந்து நிற்கிறார்கள். ஒரு கட்சியின் எல்லா வேட்பாளர்களையும் ஒரே தொடுதலில் தேர்ந்தெடுக்கும் வசதியும் ஜார்ஜியாவில் கிடையாது. சின்னமும் இல்லை. பெயரும், அதனருகே கட்சியின் சுருக்கமும், ஏற்கெனவே பதவியில் இருப்பவரானால் அந்தக் குறிப்பும் மட்டுமே இருக்கும்.

எந்தப் போட்டிக்கு எவ்வளவு நேரம் செலவிடுவது என்று தெரியாததால், தேர்தல் கணிப்பாளர்களின் தரவரிசையைப் பார்க்கத் தொடங்கினேன். குக் பொலிட்டிக்கல் ரிப்போர்ட் போன்ற இதழ்கள் ஒவ்வொரு போட்டியையும் 'உறுதி', 'பெரும்பாலும்', 'சாய்வு', 'டாஸ் அப்' என்று வகைப்படுத்துகின்றன. டாஸ் அப் என்றால் நாணயத்தைச் சுண்டிப் பார்க்கும் நிலை. ஜனநாயகக் கட்சியின் ரஃபேல் வார்னாக்குக்கும் குடியரசுக் கட்சியின் ஹெர்ஷல் வாக்கருக்கும் இடையிலான எங்கள் செனட் போட்டி அந்த வகையில் இருந்தது. முன்னவர் மார்ட்டின் லூதர் கிங் ஊழியம் செய்த எபனேசர் தேவாலயத்தின் தலைமைப் போதகர். பின்னவர் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து நாயகர், 1982-இல் ஹைஸ்மன் விருது பெற்றவர். ஆனால் அப்போது நான் இருந்த 7-ஆம் நாடாளுமன்றத் தொகுதியோ ஜனநாயகக் கட்சிக்கு 'உறுதி' என்று போடப்பட்டிருந்தது. இது எனக்குப் புரியவில்லை. ஏனென்றால் எங்கள் பகுதியில் பழையவர்கள் அனைவரும் 7-ஆம் தொகுதியை இழுபறிக்குப் பேர்போனதாகவே சொல்வார்கள். 2018 இடைக்காலத் தேர்தலில் குடியரசுக் கட்சியின் ராப் வுடால் இங்கே 500-க்கும் குறைவான வாக்குகளில்தான் தப்பினார். நாட்டிலேயே மிக நெருக்கமான போட்டிகளில் ஒன்று அது. 2020-இல் ஜனநாயகக் கட்சியின் கேரலின் போர்டோ தொகுதியைக் கைப்பற்றினார். இரண்டே ஆண்டுகளில் அதே ஊர் எப்படி 'உறுதி' ஆயிற்று?

வாக்காளர்கள் மாறவில்லை, கோடு மாறியிருந்தது. பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பை அடுத்து, குடியரசுக் கட்சியின் பெரும்பான்மை இருந்த மாநிலச் சட்டமன்றம் 2021-இன் இறுதியில் தொகுதிகளை மறுவரையறை செய்தது. பக்கத்தில் இருந்த 6-ஆம் தொகுதிக்கு வடக்கே குடியரசுக் கட்சியின் செல்வாக்குள்ள பகுதிகளைச் சேர்த்து அதைத் தங்களுக்குச் சாதகமாக்கிக்கொண்டார்கள். ஜனநாயகக் கட்சிக்கு வாக்களிக்கும் பகுதிகள் எங்கள் தொகுதியில் ஒன்றாகத் திரட்டப்பட்டன. 6-ஆம் தொகுதியின் உறுப்பினரான லூசி மெக்பாத், அங்கே இனி வெல்ல வழியில்லை என்று எங்கள் தொகுதிக்கு வந்து, தன் கட்சியைச் சேர்ந்த போர்டோவையே எதிர்த்து, கட்சியின் வேட்பாளர் யார் என்பதை வாக்காளர்களே முடிவுசெய்யும் முதனிலைத் தேர்தலில் நின்றார். மே 24 அன்று வென்றும்விட்டார். நவம்பரில் அவர் ஐந்தில் மூன்று பங்கு வாக்குகளுடன் ஜெயித்தது வெறும் சம்பிரதாயம். மாநிலத்தில் மொத்தம் 14 இடங்கள். முன்பு 8-க்கு 6 என்று குடியரசுக் கட்சிக்குச் சாதகமாக இருந்தது 9-க்கு 5 ஆயிற்று. மாநிலம் முழுவதையும் ஒன்றாக எண்ணினால் ஏறத்தாழச் சமமாகப் பிரிகிற மாநிலம் இது. செனட் தேர்தலுக்குக் கோடு போட முடியாது, அதனால் அங்கே நாணயம் சுண்டும் போட்டி. கோடு போட முடிந்த இடத்தில் முடிவு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது.

என் தொகுதியில் உண்மையான போட்டி மே மாதமே முடிந்துவிட்டது என்பது எனக்குப் பெரிய ஏமாற்றமாக இருந்தது. நான் குடிமகன் ஆனது ஜூனில். இதைவிடவும் உறுத்தியது பள்ளி வாரியத் தேர்தல். குவின்னெட் பள்ளி வாரியத்துக்கான தேர்தலைக் கட்சி சார்பற்றதாக்கி, அதையும் மே மாதத்துக்கு நகர்த்தும் சட்டம் அந்த ஆண்டின் தொடக்கத்தில்தான் நிறைவேறியிருந்தது. என் மகள் படிக்கும் பள்ளிகளை நடத்தும் வாரியம் அது. தெருவுக்குத் தெரு பலகையும் தொலைக்காட்சியில் ஓயாத விளம்பரமும் செனட்டுக்கு இருக்க, எங்கள் வீட்டின் அன்றாடத்தைத் தொடும் பதவி ஒன்று சத்தமில்லாமல் முடிந்திருந்தது. அமெரிக்காவில் இருக்கும் தமிழர்கள் பலரும் நவம்பர் தேர்தலைப் பற்றி மட்டுமே பேசுகிறோம். முதனிலைத் தேர்தலைத் தவறவிடுகிறவர்கள் வேட்பாளர் பட்டியல் தயாராவதில் தமக்குள்ள பங்கை விட்டுக்கொடுக்கிறார்கள் என்பது என் கருத்து. ஜார்ஜியாவில் இதற்குக் கட்சி உறுப்பினராகப் பதிந்துகொள்ள வேண்டியதும் இல்லை. எந்தக் கட்சியின் சீட்டு வேண்டும் என்று அன்றைக்குச் சொன்னால் போதும்.

அக்டோபர் கடைசி வாரத்தில், டுலூத் நகரின் ஷார்ட்டி ஹவல் பூங்காவில் முன்கூட்டிய வாக்குப்பதிவுக்குப் போனேன். அடையாள அட்டையைக் காட்டி, மின்னணுப் பலகையில் கையொப்பமிட்டதும், ஒரு பிளாஸ்டிக் அட்டை தருகிறார்கள். அதைத் தொடுதிரை இயந்திரத்தில் செருகினால் வாக்குச்சீட்டு விரிகிறது. குவின்னெட்டில் ஸ்பானிய மொழியிலும் அதைப் பார்க்கலாம். நான் வீட்டிலிருந்தே ஒரு தாளில் குறிப்பு எழுதிக்கொண்டு போயிருந்தேன், அதற்குத் தடையில்லை. வேளாண் ஆணையர் வரை நிதானமாக வந்தவன், பொது வாக்கெடுப்புகளில் தடுமாறினேன். மரம் வெட்டும் கருவிகளுக்குச் சொத்துவரி விலக்கு வேண்டுமா என்பதை, நம் ஊர் நீதிமன்ற மனுவைப்போல மூச்சுவிடாத ஒரே வாக்கியத்தில் கேட்டிருந்தார்கள். எல்லாம் முடிந்ததும் அச்சுப்பொறியிலிருந்து ஒரு தாள் வருகிறது. மேலே கட்டம்கட்டமான க்யூஆர் குறியீடு, அதன்கீழ் நாம் தேர்ந்தெடுத்த பெயர்கள். நம் கண்ணுக்குப் புரிந்தது பெயர்கள், அப்போது இயந்திரம் படித்தது குறியீட்டை. இரண்டும் ஒன்றுதானா என்ற சந்தேகம் இங்கே பலருக்கு உண்டு. அந்தத் தாளை ஸ்கேனரின் வாயில் வைத்ததும் உள்ளே இழுத்துக்கொண்டது. திரையில் எண்ணிக்கை ஒன்று கூடியது. பீச் பழம் வரைந்த ஒட்டுத்தாளை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

தேர்தல் நாளான நவம்பர் 8 இரவு முடிவுகளைப் பார்த்தபோதுதான் எனக்கு மிகவும் பயனுள்ள பாடம் கிடைத்தது. ஆளுநர் போட்டியில் குடியரசுக் கட்சியின் பிரையன் கெம்ப் ஏறத்தாழ 21.1 லட்சம் வாக்குகள் பெற்று, ஜனநாயகக் கட்சியின் ஸ்டேசி ஆப்ரம்ஸை ஏழு சதவீதப் புள்ளிகளுக்கும் மேலான வித்தியாசத்தில் வென்றார். அதே கட்சியின் செனட் வேட்பாளரான வாக்கருக்குக் கிடைத்தவை 19.1 லட்சம். ஒரே நாளில், ஒரே சீட்டில், ஒரே கட்சிக்கு இரண்டு லட்சம் வாக்குகள் குறைவு. நம் ஊர்க் கணக்கில் இதை உள்ளடி வேலை என்றுதான் சொல்லியிருப்பேன். எதிர் வீட்டு முதியவரிடம் பேசிய பிறகு அந்த எண்ணம் மாறியது. பல ஆண்டுகளாகக் குடியரசுக் கட்சிக்கு வாக்களித்து வருபவர். கெம்ப் பெட்ரோல் வரியை, காலனுக்கு 29.1 சென்ட், மார்ச் முதல் நிறுத்திவைத்தது தன் கைக்காசில் தெரிந்தது என்றார். 2020 அதிபர் தேர்தல் முடிவைச் சான்றளித்ததற்காக டிரம்பின் கோபத்துக்கு ஆளானபோதும் அசையாமல் நின்றார் என்பது அவர் சொன்ன இன்னொரு காரணம். செனட்டுக்கு வார்னாக்குக்குப் போட மனம் வரவில்லை, வாக்கர் மீது நம்பிக்கையும் வரவில்லை, அதனால் லிபர்டேரியன் கட்சியின் சேஸ் ஆலிவருக்குப் போட்டதாகச் சொன்னார். என் அலுவலகத்தில் இருக்கும் கோயம்புத்தூர்க்காரர் ஒருவரோ கெம்புக்கும் வார்னாக்குக்குமாகப் பிரித்துப் போட்டிருந்தார். "ஆட்சி நடத்த ஒரு ஆள், அதிகாரத்துக்குக் கடிவாளம் போட இன்னொரு ஆளுங்க" என்பது அவர் விளக்கம்.

கருக்கலைப்பு உரிமையை ரத்து செய்த ஜூன் மாத உச்ச நீதிமன்றத் தீர்ப்பும், அதே மாதம் 9.1 சதவீதத்தைத் தொட்ட பணவீக்கமும் வாக்காளர்களை எதிரெதிர்த் திசைகளில் இழுத்த ஆண்டு அது. அதிபரின் கட்சி இடைக்காலத் தேர்தலில் அடிவாங்குவது வழக்கம். 2010-இல் ஒபாமாவின் கட்சி பிரதிநிதிகள் சபையில் 63 இடங்களை இழந்தது. 2022-இல் அதிபர் பைடனின் ஜனநாயகக் கட்சியிடமிருந்து குடியரசுக் கட்சி அந்தச் சபையைப் பிடித்தாலும் 222-க்கு 213 என்ற மெல்லிய பெரும்பான்மையே கிடைத்தது. நாடு முழுவதும் ஒரே அலை அடிக்கும் என்று எதிர்பார்த்தவர்கள் எங்கள் தெருவைப் பார்த்திருக்கலாம்.

செனட் போட்டி அன்றைக்கு முடியவில்லை. வார்னாக் 49.4, வாக்கர் 48.5, ஆலிவர் 2.1 சதவீதம். இந்தியாவில் என்றால் ஒரு வாக்கு முன்னால் இருந்தாலே வெற்றி. ஜார்ஜியாவில் பாதிக்கு மேல் பெற வேண்டும், இல்லையென்றால் முதல் இருவருக்குள் மறுசுற்று. முன்பு ஒன்பது வாரமாக இருந்த இடைவெளியை 2021-இல் வந்த சட்டம் நான்கு வாரமாகச் சுருக்கியிருந்தது. அந்த நான்கு வாரமும் கதவு தட்டும் சத்தம் ஓயவில்லை. அதற்குள் நெவாடா முடிவு வந்து, நூறு பேர் கொண்ட செனட்டில் ஜனநாயகக் கட்சிக்கு 50 இடங்கள் உறுதியாகி, சமநிலை வந்தால் துணை அதிபரின் வாக்கும் அக்கட்சிக்கே இருந்ததால், அதிபர் கட்சியின் கட்டுப்பாடு இதைப் பொறுத்ததாக இல்லை. ஆனாலும் நவம்பர் 28 அன்று ஒரே நாளில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் முன்கூட்டியே வாக்களித்தார்கள். அந்த வாரம் நானும் ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்றேன். வாக்குச்சாவடியிலிருந்து 150 அடிக்குள் வரிசையில் நிற்பவர்களுக்கு மற்றவர்கள் தண்ணீர் கொடுப்பதையும் அதே 2021 சட்டம் தடைசெய்திருந்ததால், முன்னால் நின்ற பெண்மணி மடக்கு நாற்காலியும் ஃபிளாஸ்கும் கையோடு கொண்டுவந்திருந்தார்.

டிசம்பர் 6 இரவு வார்னாக் 51.4-க்கு 48.6 என்று வென்றார். எண்ணிக்கையை நவம்பரோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். இருவருக்குமே வாக்குகள் குறைந்திருந்தன. வார்னாக்குக்குச் சுமார் 1.25 லட்சம், வாக்கருக்குச் சுமார் 1.87 லட்சம். கெம்பின் பெயர் சீட்டில் இல்லாதபோது அவருக்காக வந்தவர்களில் ஒரு பகுதியினர் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள் என்று நான் புரிந்துகொண்டேன். எதிர் வீட்டு முதியவரிடம் கேட்டேன். மறுசுற்றுக்குத் தான் போகவில்லை என்றார்.

அடுத்த ஞாயிறு அப்பாவிடம் முழுக்கதையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, நீ யாருக்குப் போட்டாய்?" என்றார். அதை அவரிடமும் சொல்லவில்லை. அடுத்த பள்ளி வாரியத் தேர்தலின் தேதி மட்டும் எங்கள் வீட்டு நாட்காட்டியில் மே மாதப் பக்கத்தில் குறித்து வைத்திருக்கிறது.