மூடியதாக நினைத்த கார்டு

வீட்டுக்கடன் கேட்டுப் போன இடத்தில்தான் என் சிபில் ஸ்கோர், அதாவது கடன் கட்டும் ஒழுங்குக்கு சிபில் நிறுவனம் தரும் மதிப்பெண், 641 என்று தெரிந்தது. ஒரு தவணைகூடத் தவறாதவன் என்று ஊரெல்லாம் பெருமை பேசியவன் நான். அரை சதவீத வட்டி கூடும் என்றார் அதிகாரி. 40 லட்சத்துக்கு 20 வருடம் என்றால் மாதம் ஏறக்குறைய 1,250 ரூபாய் தண்டம்.

காரணம், 2024 ஜூனில் நான் மூடச் சொன்ன பழைய கிரெடிட் கார்டு. கஸ்டமர் கேரில் "மூடிவிடுகிறோம் சார்" என்றார்கள். கார்டைக் கத்தரியால் நறுக்கிக் குப்பையில் போட்டேன். அவர்கள் மூடவில்லை. செப்டம்பரில் ஆண்டுக் கட்டணம் 500, ஜிஎஸ்டி 90, ஆக 590 ரூபாய் ஏறியது. அதன்மேல் தாமதக் கட்டணம், வட்டி, அவற்றுக்கும் ஜிஎஸ்டி. அடுத்த ஆண்டு மே மாதம் பார்த்தபோது 6,400-ஐத் தாண்டியிருந்தது. ஸ்டேட்மெண்டுகள் நான் திறப்பதே இல்லாத பழைய ஈமெயிலுக்குப் போயிருக்கின்றன. வசூல் அழைப்புகளையெல்லாம், லோன் வேண்டுமா என்று கேட்பவர்கள் என நினைத்துத் துண்டித்திருக்கிறேன்.

அக்னி நட்சத்திர வெயிலில் அம்பத்தூரிலிருந்து தி.நகர் கிளைக்குப் போனேன். டோக்கன் வாங்கி முக்கால் மணி நேரம். கவுண்டரில் இருந்தவர் தலை நிமிராமல், "கார்டு வேறு டிபார்ட்மெண்ட் சார், கார்டுக்குப் பின்னால் இருக்கும் எண்ணுக்குப் பேசுங்கள்" என்றார். என் கார்டு கொடுங்கையூர் குப்பைமேட்டில் கிடக்கிறது என்று சொல்ல வாய்வரை வந்தது.

அன்று மாலையே ஒரு வசூல்காரர், "2,000 கட்டுங்கள், செட்டில் செய்துவிடலாம்" என்றார். சத்தியமாகக் கட்டியிருப்பேன். அலுவலகத்தில் பக்கத்து இருக்கை அக்காதான் போனைப் பிடுங்காத குறையாகத் தடுத்தார். அப்படிக் கட்டினால் சிபில் அறிக்கையில் 'செட்டில்டு' என்று விழும். கடனை முழுதாகக் கட்டாதவன் என்றுதான் அடுத்த வங்கி அதைப் படிக்கும். கட்டினால் முழுதாகக் கட்டு, இல்லையென்றால் எழுத்தில் சண்டை போடு என்றார்.

சிபிலில் ஆட்சேபம் எழுப்பினேன். அவர்கள் தாமாக எதையும் திருத்த மாட்டார்கள், வங்கியைத்தான் கேட்பார்கள். வங்கி "விவரம் சரியே" என்றது. கதை முடிந்தது. மூடச் சொன்னதற்கு ஆதாரம் வேண்டும். என்னிடம் ஒரு துண்டுத் தாள்கூட இல்லை.

அப்பாவிடம் இருந்தது. கரண்ட் பில், கேஸ் பில், மளிகைச் சீட்டு என்று எதையும் எறியாமல் கம்பியில் குத்தி வைப்பவர். கார்டை மூடச் சொன்ன அன்று போனில் தந்த கோரிக்கை எண்ணை, கைக்கு அகப்பட்ட தினசரி காலண்டர் தாளின் ஓரத்தில் நான் கிறுக்கியிருக்கிறேன். அதையும் கிழித்துக் குத்தி வைத்திருந்தார்! 2024 ஜூன் 12, புதன். தேதி அச்சிலேயே இருந்தது.

அதைப் படமெடுத்து இணைத்து, வங்கியில் புகார்களைக் கவனிக்கும் நோடல் அதிகாரிக்கு எழுதினேன். பாக்கியில்லாத கார்டை மூடச் சொன்ன 7 வேலை நாட்களுக்குள் மூடாவிட்டால், மூடும்வரை நாளொன்றுக்கு 500 ரூபாய் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும் என்பது 2022-இல் ரிசர்வ் வங்கி போட்ட விதி. அதையும் குறிப்பிட்டேன். பத்தொன்பதாம் நாள் கட்டணங்கள் ரத்து, கார்டு மூடப்பட்டதற்குக் கடிதம், சிபிலில் திருத்தம். அந்த 500 ரூபாய் கணக்கைப் பற்றி மட்டும் மௌனம். 30 நாள் காத்திருந்து ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு ஆன்லைனில் புகார் போட்டிருக்கிறேன்.

திருத்திய பிறகும் ஸ்கோர் 718-இல் நின்றது. அது என் முட்டாள்தனம். பழைய கார்டின் லிமிட் ஒன்றரை லட்சம் போனதால், மிச்சமிருந்த ஒரு லட்சத்தில் மாதம் 80,000 செலவு செய்துகொண்டிருந்தேன். கெடு தேதிக்குள் முழுதாகக் கட்டினாலும், வங்கி சிபிலுக்குத் தகவல் அனுப்பும் நாளில் நிற்கும் பாக்கிதான் கணக்கு. அதை லிமிட்டில் 30 சதவீதத்துக்குள் வைப்பது நல்லது என்பார்கள், நான் 80. ஸ்டேட்மெண்ட் போடுவதற்கு முன்பே பாதிக்கு மேல் கட்டத் தொடங்கினேன், லிமிட்டை உயர்த்தித் தருகிறோம் என்றதற்கும் தலையாட்டினேன். இரண்டே மாதத்தில் 756.

வீட்டுக்கடன் அதிகாரி, கார்டு மூடப்பட்ட கடிதத்தின் அசலைக் கேட்டார். கொண்டுபோய்க் கொடுத்தேன். "நடுவில் என்ன சார் ஓட்டை?" என்றார். வங்கி முத்திரையின் மேலேயே குத்தியிருந்தார் அப்பா.