நாலு மணி கிளாஸ்

2025 ஜூன் 3, செவ்வாய்

ஆபரேஷனுக்கு 11-ஆம் தேதி குடுத்தாச்சு. எடது மார்புல கேன்சர், மார்ப முழுசா எடுக்கணுமாம், கக்கத்துல இருக்குற நெறிக்கட்டிகளையும் (நிணநீர் முடிச்சு) சேத்து. திருவனந்தபுரம் ஆஸ்பத்திரில இருந்து பாறசாலை வீட்டுக்கு வந்து சேந்ததுல இருந்து ஒரே வெப்ராளம், சோறு எறங்கல, கண்ண மூடுனா மயக்க ஊசி போட்டு முழிக்காமலே போயிட்டா என்னன்னுதான் ஓடுது. மகளுக்கு நர்சிங் மூணாவது வருஷம், நாகர்கோவில் ஹாஸ்டல்ல இருக்கா, அவதான் ஒரு யோகா டீச்சர் நம்பர் அனுப்புனா. ஆபரேஷனுக்குப் போற கேன்சர்காரங்களுக்கு தினம் சாயங்காலம் நாலு மணிக்கு வீடியோ கால்ல மூச்சுப் பயிற்சி, காசு கெடையாது. "கட்டிய எடுக்கப் போறாவ, நீ மூச்சு விடச் சொல்லுதியே மக்ளே"ன்னேன். "மூச்சு கட்டியக் கரைக்காதும்மா, அதுக்கு டாக்டர் இருக்காரு. முன்னாடி ரொம்ப பயந்து கெடக்குறவங்களுக்கு பொறவு வலியும் கூடுதலா இருக்கும், இது அந்த பயத்துக்கு"ன்னா. சரி பாப்போம்.

ஜூன் 5, வியாழன்

கிளாஸ்ல கூடுதலும் மலையாளம்தான், களியக்காவிளைப் பக்கம் ஒரு அக்காவும் நானும் இருக்கோம்னு டீச்சர் எடைக்கிட தமிழும் கலக்குறாவ. நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடணும். வெளிய விடுற மூச்சு நீண்டா வேகஸ்னு ஒரு நரம்பு வழியா நெஞ்சுத் துடிப்பு பைய எறங்குமாம். அடுத்து காலு, தொடை, வயிறுன்னு ஒவ்வொரு எடமா இறுக்கிப் பிடிச்சு விடுறது, இது எட்மண்ட் ஜேக்கப்சன்னு ஒரு அமெரிக்க டாக்டர் போன நூற்றாண்டு தொடக்கத்துல உண்டாக்குனது. நம்ம ஊரு யோகான்னு நெனச்சா இதுல அமெரிக்காவும் கலந்து கெடக்கு.

எடவப்பாதி மழை, நெட் போயிப் போயி வருது. "மூச்ச வெளிய வி"ன்னு டீச்சர் அப்படியே வாயத் தொறந்தபடி நின்னுட்டாவ, நான் பாதி மூச்சோட கெடக்கேன். எங்க வீட்டுக்காரரு கட்டில்ல இருந்து எட்டிப் பாத்து, விடு விடு, டீச்சர் வந்தா மறுபடி இழுத்துக்கலாம்ங்காவ. எவ்வளவு நாளைக்குப் பொறவு இந்த வீட்டுல சிரிச்சோமோ.

ஜூன் 8, ஞாயிறு

மக லீவுல வந்தா. 2007-ல அமெரிக்காவுல நடந்த ஒரு ஆராய்ச்சியப் பத்திச் சொன்னா. மார்பு ஆபரேஷனுக்குப் போற 200 பொம்பளைங்கள ரெண்டா பிரிச்சு, ஒரு கூட்டத்துக்கு தியேட்டருக்குப் போறதுக்கு முன்ன 15 நிமிஷம் ஹிப்னாசிஸ் (பேச்சாலேயே மனச அரைமயக்கம் மாதிரி அமைதியாக்குறது), மத்தவங்களுக்கு ஒரு ஆளு பக்கத்துல இருந்து ஆறுதலா பேச்சு கேக்குறது மட்டும். ஹிப்னாசிஸ் கூட்டத்துக்கு மயக்க மருந்து கொறைவா போதுமா இருந்துச்சு, பொறவு வலி, குமட்டல், அசதியும் கொறைவு. ஆனா அது நேர்ல, படிச்ச சைக்காலஜிஸ்ட் பக்கத்துல இருந்து செஞ்சது. நமக்கு உள்ளது ஒரு போனும் ஒரு இயர்போனும், அதையும் இதையும் ஒண்ணுன்னு சொல்லிர முடியாதுன்னேன். அவளும் ஒத்துக்கிட்டா. ஆனாலும் டீச்சர்ட்ட கேட்டுட்டு மூச்சுப் பயிற்சிய 15 நிமிஷத்துக்கு அவ கொரல்லயே தமிழ்ல பதிஞ்சு என் போன்ல போட்டுட்டா, நெட் இல்லாட்டியும் ஓடும்லா.

ஜூன் 10, செவ்வாய்

அட்மிட் ஆயாச்சு. தங்கச்சி கூட நிக்கா. மூணு உருண்டை உள்ள ஒரு பிளாஸ்டிக் சாமானம் தந்திருக்காவ, உறிஞ்சி உருண்டைய மேல ஏத்தணும், நுரையீரலுக்கு. எங்க பாத்தாலும் மூச்சுதான்.

ஜூன் 13, வெள்ளி

எழுதுற அளவுக்கு இன்னைக்குத்தான் ஆச்சு. தியேட்டருக்குக் கொண்டு போற வரைக்கும் மக கொரலு காதுல இருந்துச்சு, வாசல்ல வாங்கி வச்சுட்டாவ, உள்ள நானா எண்ணிக்கிட்டேன், நாலு, ஆறு. பயம் போகல, ஆனா பல்லு கிடுகிடுன்னு அடிக்கல.

முழிச்சா நெஞ்சுல யாரோ அம்மிக்கல்ல ஏத்தி வச்ச மாதிரி. நர்ஸ் பூஜ்யத்துல இருந்து பத்துக்குள்ள வலிக்கு மார்க் கேட்டாவ, எட்டுன்னேன், ஊசி போட்டாவ. மூச்சுப் பயிற்சி படிச்சிருக்கோமேன்னு பல்லக் கடிச்சுக்கிட்டு கெடக்கக் கூடாது, டீச்சர் முதல் நாளே சொன்னது, மருந்து நேரத்துக்கு மருந்து. வலி தாங்காம மூச்சு மேல நிக்கும்போது உருண்டையும் ஏறாது, இருமவும் முடியாது. மருந்து வேலை செஞ்ச பொறவு மூச்ச நீட்டுனப்ப வலி நாலு அஞ்சுல நின்னுச்சு. அது அங்கதான் இருக்கு. இது கூடிக்கூடி எங்க போயி நிக்குமோங்கிற பதட்டம்தான் கொறஞ்சது, எனக்கு அதுவே பெரிசு.

ஜூன் 18, புதன்

வீட்டுல. புண்ணுல ஊறுற நீர வடிக்குற டியூப்பும் பாட்டிலும் இன்னும் தொங்குது. ஆஸ்பத்திரில இருந்து 30 கிலோமீட்டருக்கு மேல, ஒவ்வொரு குழியிலயும் உயிரு போயி வந்துச்சு, இதுக்கு மேல ஒரு கிளாஸுக்குன்னு திருவனந்தபுரம் போன்னா யாரு போவா, கட்டில்ல கெடந்துக்கிட்டே கேக்கலாங்கிறதுதான் இதுல உள்ள பெரிய சௌகரியம்.

இன்னைக்கு உடம்ப ஒவ்வொரு எடமா மனசால பாத்துக்கிட்டு வரணும். காலு வந்துச்சு, வயிறு வந்துச்சு. "நெஞ்சு, எடது பக்கம்"னு டீச்சர் சொன்னதும் எனக்குப் போக எடமில்ல. கட்டு, அதுக்கடியில தட்டை, கையோட உள்பக்கம் மரத்துக் கெடக்கு, அங்க போற சின்ன நரம்பு கக்கத்து வழியாத்தான் வருது, ஆபரேஷன்ல அடிபடும்னு டாக்டர் முன்னமே சொல்லியிருந்தாரு. அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு, கேமராவ அணைச்சுட்டேன். டீச்சர் பேரு சொல்லாம, போக விருப்பமில்லாதவங்க கழுத்துக்குத் தாண்டிப் போங்க, எல்லா எடத்தையும் இன்னைக்கே பாக்கணும்னு இல்லன்னாவ. தாண்டிட்டேன். இப்படி ஒரு அனுமதி எந்த சொந்தக்காரங்களும் தரல, எல்லாரும் தைரியமா இரு தைரியமா இருன்னுதான்.

ஜூன் 23, திங்கள்

பஞ்சாயத்து பாலியேட்டிவ் நர்ஸ் (பெரிய சீக்குக்காரங்கள வலி தணிச்சு வீட்டுலயே கவனிக்குறவங்க) வந்தாவ. இத கேரளாவுல 2008-ல அரசாங்கக் கொள்கையாவே போட்ட பொறவு இப்படி வீடு தேடி வாறாவ. பாட்டில்ல ரெண்டு நாளா 30 மில்லிக்கு கீழ, டியூப்ப எடுக்க வரச் சொல்லுவாங்கன்னாவ. காய்ச்சல், சிவப்பு, திடீர் வீக்கம், இதுல எது வந்தாலும் மூச்சு விட்டுக்கிட்டு இருக்காம போன் பண்ணணும்னு அவியளும் சொன்னாவ.

ஜூன் 26, வியாழன்

டியூப் போயாச்சு. எடுக்கும்போது வெளிய விடுற மூச்சுல எடுங்கன்னு நானே கேட்டேன், டாக்டரும் எண்ணினாரு. ஆபரேஷன்ல எடுத்ததோட பயாப்சி ரிப்போர்ட் இன்னும் வரல. ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு தட்டுது, மக கொரல போட்டா சில நாள் தூக்கம் வருது, சில நாள் சவம் வரவே மாட்டேங்குது.

நெய்யாற்றின்கரைல ஒருத்தருக்கு அடுத்த வாரம் ஆபரேஷனாம், தமிழ்ல பேச ஆள் வேணும்னு டீச்சர் நம்பர் தந்திருக்காவ. நாளைக்குக் கூப்பிடணும். முதல்ல எந்தப் பக்கம்னு கேக்கணும், கையை இறுக்கி விடுற பயிற்சிய ஆபரேஷன் பண்ணுன பக்கத்துக்கு டாக்டர்ட்ட கேக்காம செய்ய வேண்டாம்.