லாயத்தில் முதல் மாதம்: லத்தி, தண்ணீர், குளம்பு

ஏற்காட்டில் குதிரை லாயத்துக்கு உதவிக்குப் போவது என்று முடிவானால் முதல் வேலை டி.டி. என்னும் ரணஜன்னித் தடுப்பு ஊசி. லாயத்து மண்ணிலும் லத்தியிலும் ரணஜன்னிக் கிருமி இருக்கும். ஆணி குத்திய சின்னக் காயம் போதும். செருப்பு வேண்டவே வேண்டாம், கனமான ஷூதான். 350 கிலோ குதிரை மிதித்தால் விரல் எலும்பு முறியும்.

காலையில் மண்வெட்டியைத் தொடும் முன் லத்தியைப் பாருங்கள். நல்ல லத்தி உருண்டையாக, ஈரப்பசையோடு இருக்கும், விழுந்ததும் உடையும். ராத்திரி முழுக்கப் போடவில்லை என்றால் பராமரிப்பவரிடம் உடனே சொல்லுங்கள். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. முன்காலால் தரையைக் கீறும், திரும்பித் திரும்பி விலாவைப் பார்க்கும், படுத்துப் புரளும்: இதெல்லாம் வயிற்றுவலி. தீனியை எடுத்துவிட்டு டாக்டரைக் கூப்பிட வேண்டும். ஓய்வில் இருக்கும்போது உடல்வெப்பம் 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ், நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44. போனில் இந்த இரண்டையும் சொன்னால் டாக்டருக்குப் பாதி விஷயம் புரிந்துவிடும்.

மலையில் மார்கழிக் குளிரில் தொட்டித் தண்ணீர் சில்லென்று கிடக்கும், குதிரை குடிக்காது. ஒரு நாளைக்கு 25 லிட்டராவது உள்ளே போக வேண்டும். குறைந்தால் குடலில் காய்ந்த தீனி அடைத்துக்கொள்ளும். வெதுவெதுப்பாக வையுங்கள்.

350 கிலோ குதிரைக்குக் காய்ந்த தீனி நாளுக்கு சுமார் 7 கிலோ, பல வேளையாகப் பிரித்து. கொள்ளு, தவிடு எல்லாம் சேர்த்து ஒரு வேளைக்கு ஒன்றரை கிலோவைத் தாண்டக் கூடாது. சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வரும் புல்கட்டு வழியில் மழையில் நனைந்திருக்கும். நடுவில் பிரித்து முகர்ந்து பாருங்கள். பூஞ்சை வாசம் வந்தால் முழுக்கட்டையும் ஒதுக்குங்கள்.

இந்தப் பக்கம் நிறையப் பேர் செய்யும் தவறு, மாட்டுக்கு வெட்டும் கோ-4 புல்லையே குதிரைக்கும் தினமும் போடுவது. அதிலுள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போட்டுவிடும். மாட்டின் முதல் வயிற்றுக் கிருமிகள் ஆக்சலேட்டை உடைத்துவிடும். குதிரைக்கு அந்த வசதி இல்லை. கூடவே தவிடும் அதிகமானால் மாதக்கணக்கில் எலும்பு இளகி, முகம் வீங்கி, குதிரை நொண்டும்.

குளம்புதான் பொறுமையைக் கேட்கும் வேலை. பேசிக்கொண்டே தோள்பக்கமாகப் போங்கள், பின்னாலிருந்து வேண்டாம். கயிற்றை ஒருபோதும் கையில் சுற்றாதீர்கள். வால்பக்கம் பார்த்து நின்று, தோளிலிருந்து கையை வழித்துக் கீழே இறக்கி, கணுக்காலுக்கு மேலே பின்பக்கத் தசைநாணை லேசாக அழுத்தினால் காலைத் தூக்கித் தரும். குளம்பில் ஒட்டிய அழுக்கைத் தோண்டும் கொக்கியைக் குதிகாலிலிருந்து நுனிப்பக்கம் இழுங்கள். நடுவே ரப்பர் மாதிரி முக்கோணமாக இருக்கும் பாகத்தைக் குத்தாமல், அதன் இருபுறக் குழிகளைச் சுத்தம் செய்யுங்கள். அங்கே கறுப்புக் களிம்பும் அழுகல் நாற்றமும் இருந்தால் குளம்பு அழுகத் தொடங்கிவிட்டது. மழைக்காலத்தில் மலையில் இது சகஜம். மருந்து பூசினாலும் அடியில் ஈர வைக்கோல் கிடந்தால் திரும்ப வரும். மூத்திரம் ஊறிய இடத்தைத் தினமும் தரை தெரிய அள்ளி, காய்ந்த மரத்தூளைப் பரப்புங்கள்.