இரண்டு கொம்பும் பிழை

நிலாவெளியில் நான் நடத்தும் ஐந்து அறை விருந்தினர் விடுதிக்கு இலச்சினை ஒன்று தேவைப்பட்டது. திருகோணமலை நகரில் நான் விசாரித்த வடிவமைப்பாளர் 45,000 ரூபாய் கேட்டதால், அதில் மூன்றிலொரு பங்குக்குள் முடித்துவிடலாம் என்று எண்ணி இணையப் போட்டித் தளம் ஒன்றை நாடினேன். 2008இல் மெல்பேர்னில் தொடங்கிய 99டிசைன்ஸ் போன்ற தளங்கள் பரப்பிய முறைதான் இது. பரிசுத் தொகையை நாம் அறிவிக்க, பல நாடுகளிலிருந்தும் வரைந்து அனுப்புவார்கள், தேர்வானவருக்கு மட்டுமே பணம் போகும். ஏழு நாட்களில் 86 வரைபுகள் வந்தன. அவற்றில் 85 கூலியில்லாத வேலை என்பது அப்போது எனக்கு உறைக்கவேயில்லை.

திருகோணமலையின் பிரெட்ரிக் கோட்டையில் திரியும் புள்ளிமானும் அதன் கீழே தமிழில் விடுதியின் பெயரும் வேண்டும் என்று கேட்டிருந்தேன். வென்ற வரைபைக் கைபேசியில் பார்த்தே ஒப்புதல் கொடுத்து, 500 விசிட்டிங் கார்டும் அச்சடித்துவிட்டேன்.

பெயர்ப்பலகைக் கடையில்தான் வினை தொடங்கியது. ஆறடிப் பலகைக்கு ஜேபெக் படம் உதவாது, எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத வெக்டர் கோப்பு வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். வென்றவர் நான்கு நாள் கழித்து அனுப்பிய பிடிஎஃப் கோப்புக்குள்ளும் அதே படமே ஒட்டப்பட்டிருந்ததால் இரண்டாவது பயணமும் வீணானது. அதைப் பெரிதாக்கிப் பார்த்த கடைப் பையன், "அண்ணை, 'வெளி'யில கொம்பு பின்னுக்கு நிக்குது" என்றான். வகரத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய ஒற்றைக் கொம்பு பின்னால் போயிருந்தது. தமிழுக்கேற்ற அமைப்பைத் தெரிவுசெய்யாமல் வரைகலை மென்பொருளில் யூனிகோட் எழுத்தை ஒட்டினால் இப்படித்தான் சிதறும்.

வெட்கத்துடன் அந்த நகரத்து வடிவமைப்பாளரிடமே திரும்பிப் போனேன். அவர் எழுத்தை விட்டுவிட்டு மானைத்தான் பார்த்தார். "இது கோட்டை மான் இல்லை அண்ணை. எங்கட மானுக்கு ஒரு கொம்பில மூன்று கிளைதான், இதில ஏழு இருக்கு." கூகுளில் படத்தைக் கொடுத்துத் தேடியபோது, அதே மான், படங்கள் விற்கும் தளமொன்றில் கிடந்தது. அத்தகைய தளங்களின் சாதாரண உரிமம் பொதுவாக இலச்சினைக்குச் செல்லாது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் அதை என் வணிகக் குறியாகப் பதியலாம் என்றிருந்த எண்ணமும் அத்துடன் போயிற்று.

இத்தகைய போட்டிகளுக்கு இரண்டு வருடம் இரவிரவாக வரைந்து, இரண்டே முறை வென்றவராம் இந்த நகரத்து வடிவமைப்பாளர். இப்போது வரும் வாடிக்கையாளர்கள் அந்தப் பரிசுத் தொகையைக் காட்டியே பேரம் பேசுகிறார்கள் என்றார். முதல் நாள் நானும் அதைத்தான் செய்திருந்தேன். இம்முறை பேரம் பேசவில்லை. இரண்டு காலை கோட்டைக்குப் போய் மானைப் பார்த்து வரைந்தார்.

போட்டி வழியே போகத்தான் வேண்டுமென்றால், பணத்தை விடுவிக்குமுன் வெக்டர் கோப்பை வாங்கிக் கடையொன்றில் திறந்து பாருங்கள். தமிழைப் பெரிய திரையில் எழுத்தெழுத்தாக வாசியுங்கள். படத்தையும் இணையத்தில் தேடிப் பாருங்கள். பலகை சென்ற வாரம் ஏறிவிட்டது. அந்த 500 கார்டின் பின்புறத்தில் இப்போது சலவைக் கணக்கு எழுதுகிறோம்.